பெயர் நீக்கம்

எங்கள் வாக்காளர் மன்றத்துக்கு ஒரு பதாகை தைத்துத் தரச் சொன்னபோதுதான், கட்சி இல்லாத நிறம் என்று ஒன்று தென்காசியில் கிடைக்காது என்பது எனக்குத் தெரிந்தது. சிவப்புத் துணி எடுத்தால் ஒருவர் கட்சி. கறுப்பையும் சிவப்பையும் பக்கத்தில் வைத்தால் இன்னொருவர் கட்சி. வெள்ளைக் கதரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பச்சைக்கும் மஞ்சளுக்கும்கூட ஆள் இருந்தது. ஊதா எடுக்கலாமா என்று கேட்டேன். "வேண்டாம் டீச்சர். நாம எடுத்த மறுநாளே எவனாவது அதுல ஒரு கட்சி ஆரம்பிச்சிருவான்" என்றார் வக்கீல் அண்ணாச்சி. கடைசியில் வெளுக்காத காடாத் துணி வாங்கி, எந்தக் கொடியிலும் இல்லாத ஒரு பழுப்பு நூலால் எழுத்துகளைத் தைத்தேன். தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ அரிசிச் சாக்கைக் கிழித்துக் காயப்போட்டது மாதிரி இருக்கும். அதைத்தான் ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு அலைந்தோம்.

மன்றம் என்று சொன்னாலும் நிலையாக இருந்தது நாங்கள் மூன்று பேர்தான். வக்கீல் அண்ணாச்சி சொத்து வழக்குகளை நடத்துகிறவர். எந்தக் கட்சியிலும் சேராமல் இருப்பதையும் ஒரு தொழிலைப் போல ஒழுங்காகச் செய்தவர். நர்சம்மா பிரசவம் பார்த்து ஓய்வு பெற்ற கிறிஸ்தவப் பெண். சுற்று வட்டாரத்தில் அவர் கையில் பிறந்தவர்கள் அநேகம், அதனால் எந்த வீட்டிலும் அடுப்படிவரைக்கும் போவார், எவரையும் வாடா போடா என்பார். மூன்றாவது ஆள் நான், மாதர் சங்கத்தில் தையல் டீச்சர். வேறு சிலரும் வந்து சேருவார்கள். கொஞ்ச நாளில் அவர்களுக்கு ஏதாவது ஒரு கட்சி பிடித்துப் போகும், நின்றுவிடுவார்கள். பஜாரில் ஒரு பாத்திரக் கடை மாடியில் கூடுவோம். கீழே அண்டாவைத் தட்டி ஒடுக்கெடுக்கிற சத்தத்துக்கு மேலே கத்தித்தான் பேச வேண்டியிருக்கும்.

எங்கள் வேலை இவ்வளவுதான். இருபத்தொரு வயதானவர்களுக்கு ஓட்டு உண்டு என்று சொல்லுவது, பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துத் தருவது, சாவடிக்குள் போனால் என்ன செய்ய வேண்டும் என்று காட்டிக் கொடுப்பது. யாருக்குப் போடு என்று ஒரு நாளும் ஒருவரிடமும் நாங்கள் சொன்னதில்லை. அதுதான் ஊருக்குப் பொறுக்கவில்லை. அந்தக் காலத்தில் டீக்கடைக்குக் கட்சி உண்டு, முடிவெட்டுகிற கடைக்குக் கட்சி உண்டு, அங்கே கிடக்கிற பத்திரிகையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். "சும்மா சொல்லுங்க டீச்சர், நீங்க உள்ளுக்குள்ள யாருக்கு?" என்று என் கையிலிருந்து ரவிக்கையை வாங்கிக்கொண்டே கேட்பார்கள். யாருக்கும் இல்லை என்றால், சரிதான், எதிர்க்கட்சிக்காரி என்று நினைத்துக்கொள்வார்கள். இரண்டு பக்கத்துக்காரர்களும் அப்படியே நினைத்தார்கள். கல்யாணப் பத்திரிகை கொடுக்க வருகிறவர்கள் என் வீட்டைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போவார்கள்.

அதற்கு மன்றம் மட்டும் காரணம் என்று சொல்லிவிட முடியாது. நான் புருஷன் இல்லாத வீட்டில் இருந்தேன். இறந்துபோனவர் இல்லை. மர டிப்போவில் கணக்கெழுதிக்கொண்டிருந்தவர், செங்கோட்டை திருவிதாங்கூரிலிருந்து பிரிந்து நம் பக்கம் சேர்ந்த வருஷம், கொல்லம் ரயிலேறி அந்தப் பக்கம் போனார். தடி ஏலம் எடுக்கப் போவதாகச் சொன்னார். புனலூரிலிருந்து இரண்டு கார்டு வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை. கொல்லத்தில் ஒரு மலையாளத்துப் பெண்ணோடு பார்த்ததாகச் சொன்னார்கள். விஷக்காய்ச்சலில் போய்விட்டார் என்றார்கள். சாமியாராகிவிட்டார் என்று ஒருத்தர் சொன்னார், அதை மட்டும் நான் நம்பவில்லை. சாப்பாட்டில் உப்புக் குறைந்தால் கோபித்துக்கொள்கிற மனிதர் அவர். என் அண்ணன் வந்து கூப்பிட்டான். நான் போகவில்லை. திரும்பி வருகிறவர் பூட்டிய வீட்டைப் பார்த்துக்கொண்டு தெருவில் நிற்கக் கூடாது என்பது என் எண்ணம்.

தனிமையாக இருந்தது. இதை வேறு மாதிரி அலங்காரமாகச் சொல்ல எனக்கு வராது. ஒரு ஆளுக்குச் சமைப்பது பெரிய இம்சை. குழம்பைக் கொஞ்சமாக வைத்தால் அடிப்பிடிக்கும், கூட வைத்தால் மூன்று வேளைக்கும் அதையே தின்ன வேண்டும். பகலில் வகுப்பு இருக்கும், பெண்கள் சளசளவென்று பேசிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் போன பிறகு, விளக்கு வைக்கிற நேரத்தில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு ஆம்பிளைக் குரல் உள்ளே நுழையும். எங்கள் தெருவில் அது இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரைக்கும் கேட்கும். அந்த நேரத்தில்தான் மன்றம் கூடியது. நான் சேர்ந்ததற்கு அதுதான் காரணம். ஜனநாயகத்தின் மேல் பிரியம் எல்லாம் பிறகு வந்தது.

ஐம்பத்தேழு தேர்தல்வரைக்கும் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு பெட்டி. பெட்டியில் சின்னம் ஒட்டியிருக்கும், பிடித்த பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வர வேண்டியதுதான். அறுபத்திரண்டில் அதை மாற்றிவிட்டார்கள். ஒரே பெட்டி, ஒரே சீட்டு, சீட்டில் எல்லாச் சின்னமும் இருக்கும், வேண்டியதன்மேல் முத்திரை குத்த வேண்டும். இதைச் சொல்லிக்கொடுக்க அதற்கு முந்தின சாரலில் குற்றாலத்துக்குப் போனோம். சாரல் மாசங்களில் இலஞ்சி, வல்லம், இலத்தூர், பண்பொழி என்று சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் எல்லாம் ஐந்தருவிப் பக்கம் கடை போட்டு உட்கார்ந்திருப்பார்கள், வீடு வீடாகத் தேடிப் போக வேண்டாம்.

கட்சிச் சின்னங்களைக் காட்டக் கூடாது என்பதற்காக நாங்கள் பழங்களை வரைந்து சீட்டு அடித்திருந்தோம். பலா, மா, வாழை, மங்குஸ்தான். பழக்கடைக்காரர்களிடமே பழத்தைச் சின்னமாகக் கொண்டு போகிறோமே என்று எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மங்குஸ்தான் விற்கிற அம்மாள் வரிசையில் நின்றவர்களிடம் பிரசாரமே ஆரம்பித்துவிட்டாள். பலாச்சுளை விற்கிறவர் இது அநியாயம், பலாவைவிட மங்குஸ்தானைப் பெரிதாக வரைந்திருக்கிறீர்கள் என்று வக்கீல் அண்ணாச்சியிடம் சண்டைக்கு வந்தார். நடுநிலை தவறிவிட்டோம் என்று எங்களை முதன்முதலாகக் குற்றம் சாட்டியவர் அவர்தான். சில பெண்கள் எல்லாப் பழத்தின்மேலும் முத்திரை குத்தியிருந்தார்கள். ஏன் என்று கேட்டேன். "ஒண்ணுக்குக் குத்திட்டு மத்ததை விட்டா மனத்தாங்கலா இருக்காதாக்கா?" என்றாள் ஒருத்தி. அன்று நான் வாய்விட்டுச் சிரித்தேன். சாரலில் நனைந்துகொண்டு அவ்வளவு பேர் நடுவில் நின்றிருந்தது எனக்கு வேண்டியிருந்தது.

ஒவ்வொரு கூட்டத்திலும் கள்ள ஓட்டைப் பற்றிப் பேசுவது என் பங்கு. ஊரை விட்டுப் போனவர் பெயரிலும் செத்துப் போனவர் பெயரிலும் எவனோ ஒருத்தன் வந்து ஓட்டுப் போட்டுவிட்டுப் போவான், அதனால் அந்தப் பெயர்களைப் பட்டியலிலிருந்து எடுக்கச் சொல்ல வேண்டியது வீட்டாரின் கடமை என்று சொல்லுவேன். நன்றாகவே சொல்லுவேன். கேட்டவர்கள் தலையாட்டுவார்கள்.

ஐப்பசி மழைக்கு முன்னால் பட்டியல் வந்தது. அதன் பிரதியை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனோம். எங்கள் ஊர்ப் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள், சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்பது பயம். வீட்டுக்காரர் பெயர் என்ன என்று கேட்டால், "பண்பொழி மலைமேல நிக்காவள்லா, அவிய பேரு" என்பார்கள். குற்றாலத்துச் சாமி பேர் என்பார்கள். அதனால் நாங்களே பெயரைப் படித்து, இங்கே இருக்கிறாரா என்று கேட்டு, அவர்கள் தலையாட்டினால் அடையாளம் போட்டு, பிறகு அந்தப் பிரதியைத் தாலுகா ஆபீஸில் கொடுப்போம். வக்கீல் அண்ணாச்சி ஒரு விதி வைத்திருந்தார். வீட்டார் என்ன சொல்கிறார்களோ அதைத்தான் எழுத வேண்டும். நமக்குத் தெரிந்ததையோ, தெருவில் பேசிக்கொள்வதையோ எழுதக் கூடாது. இல்லாவிட்டால் இந்தக் கட்சிக்காரன் பெயரை அடித்தோம், அந்தக் கட்சிக்காரன் பெயரை விட்டோம் என்று பழி வரும். மன்றத்தில் இருக்கிறவர் தன் வீட்டைத் தானே சரிபார்க்கவும் கூடாது.

இலத்தூரில் ஒரு வீட்டில், இறந்துபோன புருஷனின் பெயரை எடுக்க வேண்டாம் என்று ஒரு பெண் சொன்னாள். "அது பாட்டுக்கு இருந்துட்டுப் போட்டுமே. யாருக்கு என்ன தொந்தரவு?" என்றாள். நர்சம்மா அவளிடம் மெதுவாகப் பேசி, சம்மதிக்க வைத்து, பென்சிலால் ஒரு கோடு போட்டார். சரியான காரியம்தான். ஆனால் எனக்கு அன்று முழுக்க நர்சம்மாமேல் கோபம் கோபமாக வந்தது. பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்காராமல் பின்னால் போய் உட்கார்ந்தேன்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை என் தெரு வந்தது. வக்கீல் அண்ணாச்சியே என் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. விதிப்படி எல்லா வீட்டிலும் செய்வது போல, வாசலில் நின்றே படித்தார். முதலில் என் பெயரைப் படித்தார். இருக்கிறேன் என்றேன். பிறகு என் வீட்டுக்காரர் பெயரைப் படித்தார்.

அந்தப் பெயரைக் காதால் கேட்டு வருஷக்கணக்காகியிருந்தது. தெருவில் எல்லோரும் "டீச்சர் வீட்டுக்காரர்" என்றுதான் சொல்வார்கள், அதுவும் குரலைத் தாழ்த்தி. நான் சொன்னதே இல்லை. எங்கேயோ இருக்கிற மனிதருக்கு என் வாயால் ஒரு கெடுதல் வர வேண்டாம் என்று இருந்தேன். இங்கேயும் எழுதப் போவதில்லை. அண்ணாச்சி அதைத் தெளிவாக, நீதிமன்றத்தில் படிக்கிற குரலில் படித்தார்.

"இந்த வீட்டுலதான் இருக்காவளா?" என்று கேட்டார்.

"ஆமா" என்றேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என் பின்னால் வீடு முழுவதும் தெரிந்தது, ஒரு அறையும் அடுப்படியும்தான். கொடியில் தொங்கியது எல்லாம் என் சேலைகள். பென்சிலை எடுத்தார். அடையாளம் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

நர்சம்மா விடவில்லை. மறுநாள் மாடியில் எல்லோர் முன்னாலும், "ஏட்டி, ஊருக்கெல்லாம் பிரசங்கம் பண்ணுதே, உன் வீட்டுல மட்டும் ஒரு நியாயமா?" என்றார். வீட்டார் சொன்னதை எழுதினார்கள், நான்தான் வீட்டார் என்றேன். அதைப் பொய் என்று அவர் சொன்னார். இன்றைக்கும் நான் அப்படி ஒத்துக்கொள்ள மாட்டேன். போனவரின் பெட்டி என் வீட்டில் இருந்தது. அவர் செருப்பு இருந்தது. சாப்பிடுகிற தட்டை மாசத்துக்கு ஒரு தடவை புளி போட்டுத் தேய்த்து வைத்தேன். சர்க்கார் காகிதம் ஒன்றில் என் பெயருக்கு அடுத்த வரியில் அவர் பெயர் அச்சாகியிருந்தது, எங்கள் இருவரையும் சேர்த்துச் சொல்ல வேறு எதுவும் உலகத்தில் மிச்சம் இல்லை. அதை என் கையாலேயே அடிக்கச் சொன்னால் எப்படி?

ஓட்டுப்பதிவு நாள் வந்தது. காலையிலிருந்து தையல் வகுப்புப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போய் வரிசையில் விட்டேன். முத்திரையை ஒரு சின்னத்தின்மேல்தான் குத்த வேண்டும், மனத்தாங்கல் பார்க்கக் கூடாது என்று சொல்லிச் சொல்லி அனுப்பினேன். எல்லோரும் போட்டு முடித்த பிறகு, வெயில் சாய்கிற நேரத்தில் நான் போனேன். சாவடி ஒரு பள்ளிக்கூடம். மேஜைக்குப் பின்னால் இருந்த அதிகாரி வெளியூர்க்காரர், களைத்திருந்தார். சீட்டை வாங்கி என் பெயரைத் தேடிக் கண்டுபிடித்தார். பக்கத்து வரியில் விரலை வைத்துவிட்டு, சாதாரணமாகச் சொன்னார்.

"உங்க வீட்டுக்காரர் காலையிலேயே வந்து போட்டுட்டுப் போயிட்டாரேம்மா."

அவர் பெயருக்குக் கீழே மையால் ஒரு கோடு போட்டிருந்தது.

ஊர் ஊராகக் கள்ள ஓட்டைப் பற்றிப் பேசியவள் நான். குழந்தைக்குக்கூடப் புரியும்படி சொல்லுவேன் என்று பெயர் வாங்கியிருந்தேன். அந்த நிமிஷத்தில் எனக்கு அது ஞாபகத்துக்கு வரவே இல்லை. வந்துவிட்டார் என்று மட்டும்தான் நினைத்தேன். "எப்ப வந்தாவ? எப்படி இருந்தாவ?" என்று அந்த அதிகாரியிடம் கேட்டேன். அவர் விழித்தார். எத்தனையோ பேர் வந்தார்கள், எனக்கு எப்படித் தெரியும் என்றார். நான் ஓட்டுப் போடவில்லை. வரிசையை விட்டு வெளியே வந்து நடக்க ஆரம்பித்தேன்.

வீட்டுக்குப் போனேன். பூட்டு நான் போட்டபடி இருந்தது. பூட்டிய வீட்டைப் பார்த்துவிட்டு எங்காவது போயிருப்பார் என்று நினைத்தேன். அதற்குப் பயந்துதானே இத்தனை வருஷம் அண்ணன் வீட்டுக்குப் போகாமல் இருந்தேன், இன்றைக்குப் பார்த்து வீட்டில் இல்லாமல் போனேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன். ரயில் நிலையத்துக்குப் போனேன். பஸ் நிற்கிற இடத்துக்குப் போனேன். கோயில் பக்கம் வந்தேன், அப்போது கோபுரம் இடிந்து மொட்டையாக நிற்கும், அதன் அடியில் எப்போதும் ஆம்பிளைகள் உட்கார்ந்திருப்பார்கள். ஓட்டுப் போட்டவர்களின் இடது கை ஆள்காட்டி விரலில் மை வைத்திருந்தார்கள். நான் முகத்தைப் பார்த்துவிட்டு விரலைப் பார்த்தேன், விரலைப் பார்த்துவிட்டு முகத்தைப் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் மெலிந்திருப்பார், முடி நரைத்திருக்கும், சட்டென்று அடையாளம் தெரியாது என்று ஒவ்வொருவரையும் நின்று பார்த்தேன். ஒரு பொம்பளை இப்படிப் பார்ப்பது தப்பு என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை.

அவரோடு தினமும் வெற்றிலை போட்ட ஒருவர் பஜாரில் கடை வைத்திருந்தார். அவரிடம் போய், "அவிய இங்கன வந்தாவளா?" என்று கேட்டேன்.

"யாரு?" என்றார்.

எங்க வீட்டில் உள்ளவர் என்றேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். அதற்கு மேல் நான் அங்கே நிற்கவில்லை.

ஆனாலும் வீட்டுக்கு வந்துதானே ஆக வேண்டும், வந்தால் பசியோடு வருவாரே என்று கத்தரிக்காய் வாங்கினேன். இரண்டு பேருக்கு வாங்கினேன், கை தானாக எடுத்துப் போட்டது. ஒரு தலைவாழை இலை வாங்கினேன். அதைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறபோது எதிரே நர்சம்மா வந்தார்.

"இலை யாருக்குட்டி?"

சொன்னேன். மூச்சு வாங்கிக்கொண்டு, சிரித்துக்கொண்டு சொன்னேன். நர்சம்மா கையிலிருந்த குடையைக் கீழே ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அவன் ஊருக்கு வந்திருந்தா மொதல்ல உன் வீட்டுக்கு வருவானா, ஓட்டுச்சாவடிக்குப் போவானா?" என்றார். பிறகு குரலை இறக்கி, "கள்ள ஓட்டுட்டி அது. உனக்குத் தெரியாததா?" என்றார். என் கையிலிருந்து இலையை அவர்தான் வாங்கிக்கொண்டார்.

தெருவில் நின்று அழுதேன். அவமானத்தால் இல்லை. சாவடிக்கும் பஜாருக்கும் நடுவில் கொஞ்ச நேரம் நான் சந்தோஷமாக இருந்துவிட்டேன், அது போய்விட்டதே என்றுதான் அழுதேன்.

பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சாவடிக்குத் திரும்பினேன். நர்சம்மா கூட வந்தார். கதவு மூடுகிற நேரம் நெருங்கியிருந்தது. அதிகாரியிடம் போய், பட்டியலில் அந்த வரியைத் தொட்டுக் காட்டி, காலையில் வந்து போட்டவர் இவர் இல்லை, இவர் இந்த ஊரில் இல்லை, எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது என்றேன். அதை ஒரு ஆளிடம் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. சாவடிக்குள் இரண்டு கட்சி ஏஜெண்டுகளும் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் ஆள் இல்லை என்று இரண்டு பேரும் ஒரே மூச்சில் சொன்னார்கள். "அவரு இருக்காருன்னு எழுதிக் குடுத்ததே உங்க மன்றந்தானேம்மா?" என்றார் ஒருவர். மற்றவர் சிரித்தார். காலையிலிருந்து முட்டிக்கொண்டிருந்தவர்கள் அந்த ஒரு விஷயத்தில் ஒற்றுமையாகிவிட்டார்கள். பெட்டிக்குள் போன சீட்டை இனி எடுக்க முடியாது, எது என்றும் தெரியாது என்றார் அதிகாரி. என் வீட்டுக்காரர் பெயரில் யாருக்கோ ஒரு ஓட்டு விழுந்தது, எண்ணினார்கள், சேர்த்தும்கொண்டார்கள். எனக்கு ஒரு சீட்டுக் கொடுத்தார்கள். என் ஓட்டைப் போட்டுவிட்டு வந்தேன்.

பஜார் முழுக்கப் பேச்சு. நடுநிலை மன்றத்து டீச்சர் வீட்டிலேயே கள்ள ஓட்டு என்றார்கள். கதை வளர்ந்து, நானே ஆளை அனுப்பினேன் என்றும் ஆயிற்று. எந்தக் கட்சிக்கு என்பதில் மட்டும் ஆளுக்கொரு கருத்து. அடுத்த முறை இலத்தூருக்குப் போனபோது, மொதல்ல உங்க வீட்டு லிஸ்டைச் சரி பண்ணிட்டு வாங்க என்று ஒருவர் கதவைச் சாத்தினார். வக்கீல் அண்ணாச்சி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன், பெயரையும் அப்படியே விட்டிருப்பேன். பதாகையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கிற அவரைப் பார்த்தபோது எனக்கு மனசு கேட்கவில்லை. எந்தப் பக்கமும் சாயாமல் இருந்து அவர் சேர்த்து வைத்தது அந்த நல்ல பெயர் ஒன்றுதான்.

பெயரை நீக்கச் சொல்லும் படிவத்தை அவரிடம் போய்க் கேட்டேன்.

"நானே குடுத்திருதேன் டீச்சர். நீங்க கையெழுத்துப் போட வேண்டாம்" என்றார்.

"வீட்டார்தானே சொல்லணும்?" என்றேன். அவர் மேஜையிலேயே உட்கார்ந்து நிரப்பினேன். காரணம் எழுதுகிற இடத்தில் இறந்தவர் என்று எழுதவில்லை. இந்த முகவரியில் வசிக்கவில்லை என்று எழுதினேன்.

பெயரை எடுப்பதற்கு முன்னால் அந்த ஆளுக்கே அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். ஆனி மாசத்தில் ஒரு நாள் தாலுகா ஆபீஸ் பியூன் அதை எடுத்துக்கொண்டு வந்தார். உங்கள் பெயரை ஏன் நீக்கக் கூடாது என்று இன்ன தேதியில் நேரில் வந்து சொல்லவும் என்று எழுதியிருந்தது. அத்தனை வருஷத்தில் அவர் பெயருக்கு என் வீட்டுக்கு வந்த ஒரே காகிதம் அது. "ஆளு இல்லையா? அப்ப கதவுல ஒட்டிருதேன்" என்று பியூன் பசை தடவி ஒட்டிவிட்டுப் போனார். விசாரணை நாள்வரைக்கும் அந்தக் கதவைத் திறந்துதான் போனேன், வந்தேன். சாரல் பட்டு ஒரு ஓரம் கிளம்பியது. சோற்றுப் பருக்கை வைத்து நான்தான் மறுபடி ஒட்டினேன். வந்தால் பார்க்கட்டுமே.

விசாரணையன்றும் சாரல் விட்டுவிட்டுப் பெய்தது. நர்சம்மாவும் வக்கீல் அண்ணாச்சியும் வந்திருந்தார்கள். தாலுகா ஆபீஸ் வராந்தாவில் பெஞ்சு போட்டிருந்தது, பட்டா விஷயமாக வந்தவர்கள் நிறையப் பேர் நின்றிருந்தார்கள். யாராக இருந்தாலும் மூன்று முறை பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும், ஆள் வரவில்லை என்றால் அதற்கு மேல் தீர்ப்பு என்பது அங்கே வழக்கம். அண்ணாச்சி அதை முன்கூட்டியே எனக்குச் சொல்லியிருக்கலாம்.

பெயர் கூப்பிடுகிற டவாலிச் சேவகர் வராந்தாவின் ஓரத்துக்கு வந்து, வாயருகே கையைக் குவித்துக்கொண்டு, என் வீட்டுக்காரர் பெயரை அவர் அப்பா பெயரோடு சேர்த்துக் கூப்பிட்டார். எவ்வளவு உரத்த குரல். நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கொஞ்சம் பொறுத்து இரண்டாவது முறை கூப்பிட்டார். யாரோ ஒருவர் தன் பக்கத்து ஆளிடம், "ஓய், உம்மையா?" என்று கேட்டார். பக்கத்து ஆள் இல்லை என்று கையை ஆட்டினார்.

மூன்றாவது முறைக்கு முன்னால் டவாலி தொண்டையைச் செருமினார். நீக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தவள் நான். ஆனாலும் அந்த நேரத்தில், வந்துவிடுங்கள், இப்போது வந்தால்கூடப் போதும், படியேறி வந்து இருக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், நான் ஒன்றும் கேட்க மாட்டேன் என்று மனதுக்குள் கெஞ்சினேன். அவர் பெயர் மூன்றாவது முறையாக மழைக்குள் போயிற்று. நான் வாசலைப் பார்த்தேன். குடை பிடித்துக்கொண்டு இரண்டு பேர் வந்தார்கள், வேறு யாரோ.

"ஆள் இல்லைங்க" என்று டவாலி உள்ளே பார்த்துச் சொன்னார். அதைக் கேட்ட பிறகும் நான் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நர்சம்மா என் தோளைத் தொட்டார்.

"எந்திட்டி, உன்னையக் கூப்பிடுதாவ" என்றார்.